முதலில் காது, பிறகு கண்: ஓவியத்திலிருந்து பிறந்த இசைக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்து ஒருவர் லேப்டாப்பில் நாலு நிமிட இசை ஒன்றைக் கட்டுகிறார். இன்னொருவர், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைத் தோழி வாட்டர்கலரில் வரைய, அதற்கு வயலின் வாசித்துப் பதிவு செய்கிறார். இரண்டும் உங்கள் வாட்ஸப்புக்கு வருகின்றன, ‘கேட்டுட்டுச் சொல்லுங்கண்ணே’ என்ற ஒற்றை வரியோடு. பதிலுக்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் ‘சூப்பர் தம்பி’. அதையும் விட்டால் ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் ஃபீல் பத்தல’. முதலாவதால் அமைத்தவருக்கு ஒரு நாள் சந்தோஷம், இரண்டாவதால் ஒரு வாரம் குழப்பம். வேலைக்கு ஆகிற சங்கதி இரண்டிலும் கிடையாது.

எந்தப் பாட்டுக்கும் கருத்துச் சொல்வது சிரமம்தான். படத்திலிருந்து பிறந்த இசையில் கூடுதலாக ஒரு வில்லங்கம் உண்டு. கண் ஒன்றைப் பார்த்துவிட்டால் காது அதன் பேச்சைத்தான் கேட்கும். பாம்பன் பாலத்தின் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எந்தத் தாளத்தைக் கேட்டாலும் ரயில் ஓடும். அந்த ரயில் இசையில் இருக்கிறதா, உங்கள் தலைக்குள் இருக்கிறதா என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். படத்தைப் பார்க்காமல் கேட்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதை அவசரத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

கேட்க உட்காருவதற்கு முன்

வாட்ஸப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். இசையை வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் ஜாலராவின் மின்னலும் தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனமும் வழியிலேயே போய்விடும். இரண்டையும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘பாம்பன் ஃபைனல் 3’ என்று பெயர் வைத்தால் பாதிக் கதை வெளியே வந்தாயிற்று. ‘டிராக் 1’ போதும்.

அமைத்தவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார்? மெட்டு மட்டும் போட்டு வைத்திருக்கும் நிலையில் ‘மிக்ஸ் சரியில்லை’ என்பது, சுவர் எழும்பாத வீட்டில் பெயின்ட் நிறத்தைக் குறை சொல்வதுபோல. மறுநாள் மேடையில் வாசிக்கப் போகிறவரிடம் ‘ராகத்தை மாற்றிப் பார்’ என்பதும் அந்த ரகம்தான்.

கேட்பதற்கு ஹெட்போன் வேண்டும், விலை குறைந்ததானாலும் சரி. செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி அநேகமாக வராது. தம்புராவின் மந்தர ஸட்ஜமும் பேஸ் கிடாரும் அங்கேதான் குடியிருக்கின்றன. ‘அடித்தளமே இல்லை’ என்று எழுதிவிட்டு, பிறகு ஹெட்போனில் கேட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. மின்விசிறியை நிறுத்துங்கள். நாலு நிமிட இசைக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால், இன்னொரு நாள் கேட்கிறேன் என்று சொல்லிவிடலாம், அதில் தப்பில்லை.

முதல் படி: படம் இல்லாமல் இரண்டு தடவை

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். இரண்டாம் தடவை தாளின் இடது ஓரத்தில் நிமிடம், வினாடி. வலதுபக்கம் என்ன நடந்தது. நாலு விஷயங்களைக் குறித்தால் போதும்: கவனம் எங்கே நழுவியது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடமோ பொழுதோ மனதில் வந்தது, எங்கே ஏதோ மாறும் என்று எதிர்பார்த்து மாறாமல் போனது.

‘1:10, குழல் வந்தது, வெட்டவெளி’. இவ்வளவு எழுதினால் போதும். ‘1:10, குழல் அழகு’ என்று எழுதாதீர்கள்; அழகு என்பது உங்கள் தீர்ப்பு, வெட்டவெளி என்பது உங்களுக்கு நடந்தது. அமைத்தவருக்கு இரண்டாவதுதான் கிடைக்காத சரக்கு. தான் கட்டிய இசையை முதல்முறை கேட்கிறவராக அவரால் ஒருநாளும் கேட்க முடியாது.

இரண்டாம் படி: இசை இல்லாமல் படம் மட்டும்

ஐந்து நிமிடம். கடிகாரம் பார்த்து ஐந்து. கண் படத்துக்குள் எங்கே நுழைகிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே தங்குகிறது என்று கவனியுங்கள். போனில் பார்ப்பதானால் இரவு நேர மஞ்சள் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மண்டபம் ஊர்க் கடலின் பச்சை, குளத்துப் பாசி நிறத்தில் தெரியும்.

அசலைப் பார்க்க முடிந்தால் பார்த்துவிடுங்கள். ராமலிங்க விலாசத்து ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும், ராமாயணமும் அங்கே சுவர் முழுக்க இருக்கின்றன. போன் திரையில் அது ஒரு படம்; நேரில் அது நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும் ஒரு கூடம். இந்த வித்தியாசம் இசைக்குள் வந்திருக்கலாம். ராமேசுவரம் மூன்றாம் பிரகாரம் என்றால் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அமைத்தவர் அச்சிட்ட படத்தையோ நினைவையோ வைத்துத்தான் வேலை செய்திருப்பார். எதை வைத்து என்று கேளுங்கள்.

இது வெட்டிக் கேள்வி அல்ல. ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1909-இல் முடித்த ‘இறந்தோர் தீவு’ போக்லின் என்பவரின் ஓவியத்திலிருந்து பிறந்தது. ரக்மானினோவ் முதலில் பார்த்தது வண்ண ஓவியத்தை அல்ல, கறுப்பு வெள்ளைப் பிரதியை. வண்ணத்தைத் தேடி அந்த இசையைக் கேட்கிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அதில் அவர் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது துடுப்பின் அசைவை: எட்டில் ஐந்து என்ற தாளக் கணக்கு, நம் கணக்கில் கண்டம், தக தகிட. படம் தெரியாத ஒருவர் ‘தாளம் ஏன் நொண்டுகிறது?’ என்று கேட்பார். வத்தையில் துடுப்புப் போட்டவர் கேட்கமாட்டார். இழுக்கிற நேரமும் துடுப்பைத் தூக்கிக் கொண்டுவருகிற நேரமும் ஒன்றாக இருக்காது என்று அவர் கைக்குத் தெரியும்.

மூன்றாம் படி: எதை எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள்

இப்போதுதான் மூன்றாவது கேள்வி. ‘இந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கிட்டீங்க? ஒரே வரியில் சொல்லுங்க.’ கதையாக இருக்கலாம், நிறமாக, கோடாக, இடத்தின் அளவாக, காற்றாக இருக்கலாம். பதில் வந்தபிறகு படத்தையும் வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை கேளுங்கள். அவர் எடுத்துக்கொண்டது உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் இங்கே கேள்வி. எடுத்துக்கொள்ளாததை ஏன் காணோம் என்று கேட்பது நியாயமில்லை. போர் ஓவியத்தில் குதிரைகளின் வளைந்த கழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டவரிடம் பீரங்கி எங்கே என்று கேட்காதீர்கள்.

படத்துக்கும் இசைக்கும் அடிப்படையிலேயே ஒரு பொருத்தமின்மை உண்டு. படம் மொத்தமும் ஒரே நேரத்தில் எதிரே நிற்கும். இசை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஆகவே அமைத்தவர் ஒரு வரிசையைத் தானாக முடிவு செய்திருக்கிறார். அந்த வரிசை உங்கள் கண் போன வழியா, வேறு வழியா என்று சொல்லுங்கள். வேறு வழியாக இருந்தால் அது குறையும் அல்ல, நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் தெரிந்து செய்ததா என்று அவர் ஒருமுறை யோசிக்கட்டும்.

திரும்பத் திரும்ப வருவதைக் குறை சொல்வதில் நிதானம் வேண்டும். மூன்றாம் பிரகாரத்தின் தூண்கள் 1,212 என்று கணக்கு. ஒரே தூண், ஒரே இடைவெளி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அதை இசையாக்கியவரிடம் ‘ஒரே அடி திரும்பத் திரும்ப வருது, போர் அடிக்குது’ என்றால் அவர் சிரிப்பார். அதற்காக அவர் தப்பித்துவிடவும் கூடாது. அந்தப் பிரகாரத்தில் நடக்கும்போது தூரத்துத் தூண் சிறுத்துத் தெரியும், வெளிச்சம் மாறும், நடக்கிறவரின் காலடிச் சத்தம் மாறும். படத்தில் சலிக்காத ஒன்று இசையில் ஏன் சலிக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. பெரும்பாலும் பதில் இதுதான்: லேப்டாப்பில் ஒரு அடியைப் பதிந்து, அதையே காப்பி செய்து ஒட்டியிருப்பார். முதல் அடியும் ஐம்பதாவது அடியும் நூல் பிசகாமல் ஒன்று. கல்தச்சன் கையில் அப்படி இரண்டு தூண் வராது.

அடுத்தது, படத்தில் உள்ளதெல்லாம் சத்தமாக வந்து நிற்பது. அலை வரைந்திருந்தால் அலைச் சத்தம், சங்கு இருந்தால் சங்கு, பறவை இருந்தால் பறவை. புதிதாக அமைப்பவர்கள் பத்தில் எட்டுப் பேர் செய்வது இது, திட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒருமுறை மூடிவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எடுத்தால் இசை சரிகிறதா? சரிந்தால் இருக்கட்டும். சரியாவிட்டால் அது ஒட்டுத்தாள்.

தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்பார்கள். ஒன்று சாது, மற்றது முரடு. இரண்டு கடலையும் ஒரே படத்தில் வரைந்ததற்கு ஒருவர் இசை அமைத்திருந்தால், வலது காதில் ஒன்று இடது காதில் ஒன்று என்று பிரித்திருப்பார். இதை ஹெட்போனில் கேட்டுப் பாராட்டிவிட்டு, போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து கஞ்சியாகிவிட்டால், வேகத்திலோ சுருதி உயரத்திலோ கூட வித்தியாசம் வேண்டும் என்று சொல்லலாம்.

தனுஷ்கோடி என்றதும் இன்னொன்று. 1964 டிசம்பர் புயலைப் பற்றிய படங்களுக்கு வரும் இசையில் முக்கால்வாசி, இடியில் தொடங்கி சுபபந்துவராளி ராகத்தில் அழும். சுபபந்துவராளியைத் தொட்டாலே சோகம் வந்துவிடும் என்பது வசதியான நம்பிக்கை. ஆனால் அந்த இசையை அமைத்தவரின் வீட்டில் அந்தப் புயலில் போனவர்கள் இருக்கலாம். ‘இது வழக்கமான சோகம்’ என்று எழுதுவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.

பதிவில் தெரியும் பிழைகள்

இசையின் குறையையும் பதிவின் குறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. இந்தக் கரையில் பதிபவர்களுக்கு வருவது முக்கியமாக மூன்று.

காற்று. கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் போனை நீட்டினால் ‘புப் புப்’ என்று மைக்கில் அடிக்கும். சிலர் இதை அலை என்று நினைத்து மிக்ஸில் விட்டுவைத்திருப்பார்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபில்டர் போட்டு வெட்டினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் ஒலி உச்சத்தை முட்டி உடைந்திருந்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து, மைக்குக்குப் பஞ்சுறை மாட்டி, மறுபடி பதியச் சொல்லுங்கள்.

தவில். போனின் ரெக்கார்டர் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். தவிலில் ஒரு பலமான அடி விழுந்ததும் நாகஸ்வரம் அமுங்கி, ஒரு வினாடி கழித்து மெல்ல எழுந்து வரும். இதை ‘நாகஸ்வரம் தயங்குவது அருமை’ என்று பாராட்டியவர்கள் உண்டு. அது தயக்கம் அல்ல, இயந்திரம். தானியங்கி அளவை அணைக்கும் வசதியுள்ள ரெக்கார்டர் ஆப்பில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பதிந்தால் சரியாகும்.

கீபோர்டு. தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், அசைந்தால்தான் தோடி. கீபோர்டில் அது கம்பம்போல நிற்கும், பக்கத்திலேயே வயலின் அசைத்து வாசிக்கும், கேட்கிறவருக்குச் சுருதி பிசகியதுபோல இருக்கும். சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைப் பயன்படுத்தலாம், அல்லது அந்த இடத்தில் கீபோர்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஸ்வரத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை; ‘0:48-ல் கீபோர்டும் வயலினும் ஒன்றையொன்று உரசுகிறது’ என்று எழுதினால் அவருக்குப் புரியும்.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிந்து இசையில் கலந்திருந்தால், பாடியவர்களிடம் கேட்டாயிற்றா, பெயர் போடப்படுகிறதா என்று கேளுங்கள். படத்தை வரைந்தவருக்கும் இதே கேள்வி. வெளியிட்ட பிறகு கேட்டால் சங்கடம்.

எழுதுவது

மூன்று முதல் ஐந்து குறிப்புகள். பத்து எழுதினால் அவர் எதையும் திருத்தமாட்டார், சோர்ந்துபோவார். ஒவ்வொன்றிலும் நேரம், கேட்டது, உங்களுக்கு நடந்தது என்ற மூன்றும் இருக்கவேண்டும். யோசனை இருந்தால் கடைசியில், கேள்வியாக. மூன்றாம் பிரகாரத்தைப் பற்றி ஒரு தம்பி அமைத்த நாலு நிமிடம் பத்து வினாடி இசைக்கு எழுதும் கருத்து ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘தம்பி, படம் பார்க்காம ரெண்டு தடவை, படத்தோட ஒரு தடவை கேட்டேன். ஹெட்போன்லதான்.

0:00 முதல் 0:52: அந்த ஒத்தைத் தொம் நாலு வினாடிக்கு ஒருக்கா விழுந்ததுமே நீளமான, கூரை போட்ட ஒரு இடம்னு தோணுச்சு. படம் பார்க்காமலே. இதைத் தொடாதே.

1:10: குழல் வந்ததும் அந்த இடம் காணாமப் போச்சு. அடிக்கு எதிரொலி இருக்கு, குழலுக்கு இல்லை. ரெண்டும் வேற வேற ரூம்ல நிக்கிற மாதிரி. அதே ரிவெர்பைக் குழலுக்கும் கொஞ்சமாக் குடுத்துப் பார்க்கிறியா?

2:20: மணி அடிச்சதும் கோயில்னு தெரிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் நானாத் தேடிக்கிட்டு இருந்தேன், அது நல்லா இருந்துச்சு. மணி இல்லாம ஒரு தடவை கேட்டுப் பாரு.

3:05-க்கு மேல கவனம் நழுவிருச்சு. பதினாறு அடியும் ஒரே பலம். தூரத்துத் தூண் சிறுக்கிற மாதிரி அடியும் சிறுக்கணுமா, வேணாமான்னு நீதான் சொல்லணும்.

ஒரு கேள்வி: கடைசியில சத்தம் அடங்குறது பிரகாரம் திரும்புற மூலையா, இல்லை முடிக்கத் தெரியாம அடக்குனதா?’

கடைசிக் கேள்வி கொஞ்சம் காரம்தான். பழகிய தம்பி என்றால் எழுதலாம். முதல்முறை என்றால் ‘மூலையா, முடிவா?’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் குறிப்பு பாராட்டாக இருப்பதற்குக் காரணம் மரியாதை மட்டும் அல்ல. எது வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால், திருத்தும்போது அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

எழுதக்கூடாதவை சில. சினிமா இசையமைப்பாளர் யாரையாவது சொல்லி ‘அவர் மாதிரி இருக்கு’ என்பது. பாராட்டாகச் சொன்னாலும் கேட்கிறவருக்குத் திருட்டுப் பட்டம்போல விழும். ‘நானா இருந்தா’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவும். நீங்களாக ஒரு மெட்டை முணுமுணுத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது.

நேரில் சொல்வதானால் தனியாகச் சொல்லுங்கள், டீக்கடையில் நாலு பேர் நடுவில் வேண்டாம். வயதில் மூத்த நாகஸ்வரக்காரர் ஐயாவிடம் ‘மாத்துங்க’ என்பது வாயில் வராது, வரவும் கூடாது. ‘ஐயா, ரெண்டாவது சங்கதியில எனக்குப் பிடிபடலை, இன்னொரு தடவை வாசிச்சுக் காட்டுறீங்களா?’ என்றால், மாற்றவேண்டியது இருந்தால் அவர் கை அங்கேயே மாற்றிவிடும். கீழக்கரையில் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவரிடமும் அப்படித்தான், முதலில் கேள்வி.

திருத்திய வடிவம் வந்தால்

பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்பதற்கு முன் இரண்டின் ஒலியளவும் சமமா என்று பாருங்கள். ஒரே இசையை இரண்டு டெசிபல் கூட்டி வைத்தாலே காது அதை ‘மேல்’ என்று சொல்லிவிடும். திருத்தியதால் நன்றாயிற்றா, சத்தமானதால் நன்றாயிற்றா என்று தெரியாமல் போகும். ஒரு நாளாவது இடைவெளி விட்டுக் கேளுங்கள். முன்பு எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலுள்ள நேரங்களை அப்படியே நம்பவேண்டாம். மணியை எடுத்திருந்தால் 2:20-க்குப் பிறகு உள்ளதெல்லாம் சில வினாடி முன்னால் நகர்ந்திருக்கலாம்.